ஏகாம்பரம் வாங்கி வந்த ஒயர்

வெல்டிங் மிஷின் இப்போது கையில் தூக்கிக்கொண்டு போகிற பெட்டிக்குள் அடங்கிவிட்டது. ராடு வேண்டாம், கேஸ் சிலிண்டர் வேண்டாம். விசையை அமுக்கினால் ஒயர் தானாக வந்து எரிகிறது. பழவேற்காட்டில் வீட்டு கேட்டு, மாடிப்படிக் கைப்பிடி, மோட்டார் ஸ்டாண்டு எல்லாவற்றையும் அவரவரே ஒட்டிக்கொள்கிறார்கள். மிஷின் வாங்கும்வரை என் நினைவு யாருக்கும் வருவதில்லை. ஒட்டியது பல்லை இளித்த பிறகுதான், "பாய், எந்த ஒயரு வாங்கறது?" என்று வந்து நிற்கிறார்கள்.

நான் உடனே பதில் சொல்வதில்லை. ஒயரைக் கொண்டு வா என்பேன். இது கேஸ் கேட்கிற ஒயரா, கேட்காத ஒயரா? பெட்டியில் ஒட்டிய சீட்டு அதே கம்பெனிச் சீட்டுதானா, இல்லை யாராவது பிரித்து ஒட்டியதா? பிளஸ் மைனஸ் எதில் எது மாட்டினாய்? வந்தவன் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறவன் போல விழிப்பான். "ஒயரு கேக்க வந்தவன இன்னாத்துக்கு மெரட்றீங்க?" என்று உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு ஒட்டினதெல்லாம் பேய். அதற்குக் காரணம் இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ரிப்பேர் கொட்டகையில் ராடு பிடிக்கக் கற்றேன். கற்றது பாதி வெல்டிங், பாதி சந்தேகம். மழையில் ஊறின ராடை வெயிலில் காயவைத்துப் புதுப் பெட்டியில் அடுக்கிப் புது ராடு என்று விற்கிறவர்கள் அந்தச் சந்துகளில் இருந்தார்கள். ராடைக் கையில் உருட்டிப் பார்த்து, மேல்பூச்சு உதிர்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்த பிறகுதான் விலையே கேட்பேன். சில வருடம் அங்கே கண்ணெரிச்சலோடு கிடந்துவிட்டு ஊர் திரும்பினேன்.

கோட்டைக்குப்பத்துக்குப் போகிற வழியில் ஏரிக்கரை ஓரமாக, மீன்பிடிக்கிறவர்கள் சிலர் சேர்ந்து ஒரு படகுப் பட்டறை நடத்தினார்கள். எனக்கு அங்கே வேலை கிடைத்தது. மேஸ்திரியின் பெயர் தேவசகாயம்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தினமும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வருவார். நாள் முழுக்கத் தீப்பொறிக்கு நடுவில் நின்றாலும் அந்தச் சட்டையில் ஒரு ஓட்டை விழாது. அது எப்படி என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். குரலை உயர்த்திப் பேசமாட்டார். ஒருநாளும் "நல்லா கீது" என்று சொன்னதும் கிடையாது. ஒட்டு அழகாக விழுந்திருந்தால்தான் அவருக்கு மனசு கேட்காது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து பார்ப்பார். "மேக்கப்பு ஜாஸ்தியா கீதே, ரஹீமு" என்பார்.

சாமான் கொண்டு வருகிறவர்கள் சொல்வதையும் அவர் நம்பமாட்டார். "சும்மா ஓரமா இடிச்சிச்சி மேஸ்திரி" என்று ஒருவர் உடைந்த சுக்கானைக் கொண்டு வந்தால், தலையாட்டி வாங்கி வைத்துக்கொள்வார். வந்தவர் போனதும் என்னிடம், "ஓரமா இடிச்சா இப்பிடி முறுக்குமா? பாறையில ஏத்திக்கிறான். அவன் சொல்ற வியாதி வேற, இரும்போட வியாதி வேற" என்பார்.

அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. எந்தச் சாமானை ஒட்டினாலும் ஒட்டி முடித்த கையோடு, அதே கனத்தில் இரண்டு துண்டு இரும்பை எடுத்து, அதே ஒயரில், அதே கரண்டில், அதே கையால் ஒட்டி வைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது. தானாக ஆறின பிறகு வைஸில் கவ்வவைத்துச் சுத்தியால் அடிப்பார். ஒட்டு பிடிவாதமாக நின்று இரும்பு மடங்கினால் சாமான் வெளியே போகலாம். ஒட்டு விட்டுக்கொண்டால், உடைந்த வாயை வெயிலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சாமான் போகாது. "கண்ணால பாக்கறதும் பொய்யி, காதால கேக்கறதும் பொய்யி. அடிச்சிப் பாக்கறதுதான் மெய்யி" என்பது அவர் பழமொழி.

எண்பதுகளின் நடுவில் பட்டறைக்கு ஒயர் ஓட்டும் மிஷின் ஒன்று வந்தது. ஏதோ கப்பல் ஷெட்டில் கழித்துப் போட்டது. டீசல் ஜெனரேட்டரோடு சேர்த்து ஓட்டலாம். அதுவரை ராடுதான். ஏரிக்கரை ஈரக்காற்றில் ராடு இரண்டு நாளில் நமுத்துவிடும். கேஸ் வைத்து ஒட்டலாமென்றால் கடல்காற்று கேஸை அடித்துக்கொண்டு போய்விடும். எங்களுக்குத் தோதாக இருந்தது பவுடர் ஒயர்தான். வெளியே மெல்லிய இரும்புத் தோல், உள்ளே பவுடர். தகட்டை நெடுக மடித்துச் சுருட்டிச் செய்வதால் நீளம் முழுக்க மயிரிழை அளவுக்கு ஒரு பொருத்து இருக்கும். எரியும்போது அந்தப் பவுடரே புகையாகி ஒட்டை மூடிக் காப்பாற்றும்.

இதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று பவுடர் இருந்தும் கேஸ் கேட்கும். மற்றது கேட்காது. வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. முதல் வகையைக் கேஸ் இல்லாமல் ஓட்டினால் ஒட்டு தேன்கூடாகப் போய்விடும். மேஸ்திரி ஒரு மாதம் அந்த மிஷினைத் தொடவிடவில்லை. துண்டு துண்டாக ஒட்டி, துண்டு துண்டாக உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். அப்போதும், "புதுப் பொண்டாட்டி மாதிரி. ஒரு வருஷம் போவட்டும், பாப்போம்" என்றார்.

ஏகாம்பரம் வந்தது அந்தச் சமயத்தில்தான். கோட்டைக்குப்பத்துக்காரர். பாய் விரித்து ஓட்டிக்கொண்டிருந்த தன் மரப்படகில் டீசல் எஞ்சின் வைக்கத் துணிந்துவிட்டார். எஞ்சின் உட்காருவதற்கு நான்கு கால் உள்ள இரும்பு ஸ்டாண்டு ஒன்று வேண்டும். சின்ன வேலைதான். ஆனால் ஏரியிலிருந்து கடலுக்குப் போகிற முகத்துவாரத்தில் அலை குறுக்கே மடியும். அந்த இடத்தில் ஒரு கால் விட்டு எஞ்சின் சாய்ந்தால் படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பும். திரும்பினால் கவிழும். படகில் போகப்போகிறவர்கள் ஏகாம்பரமும் அவர் தம்பிகள் இரண்டு பேரும். ஒரே வீட்டு ஆண்கள் மூன்று பேர் அந்த நான்கு கால்களை நம்பிப் போக வேண்டும்.

சந்தேகத்தில் ஏகாம்பரம் எனக்கு அண்ணன். பட்டறை ஒயரில் ஒட்டக் கூடாது, தானே வாங்கித் தருவதாகச் சொன்னார். "பழைய ஒயர போட்டு ஒப்பேத்திட்டா நான் இன்னா பண்றது? எங்க வாங்கறீங்கனு காட்டு பாய், நானே வரேன்" என்றார். எனக்கு அது தர்மசங்கடம். நாங்கள் ஒயர் வாங்குவது துறைமுகத்துப் பக்கத்துச் சந்தில் என் தங்கை புருஷன் கமாலின் கடையில். ஏகாம்பரம் அங்கே ஒவ்வொரு சுருளாக எடுத்து, கனம் பார்த்து, சீட்டைத் தடவி, கமாலை முறைத்து, கடைசியில் தான் தேர்ந்தெடுத்த சுருளையே மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். அதைப் பட்டறையில் விடவும் மனசு வரவில்லை. "வேல அன்னிக்கி எடுத்துனு வரேன்" என்று வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார்.

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கில் விடவில்லை. பட்டறைக் கூரை ஒழுகியதால் வேலை நின்றது. வானம் வெளுத்த பிறகு நானே போய்ச் சுருளை வாங்கி வந்தேன். ஏகாம்பரத்தின் மனைவி அலமேலு பழைய புடவைத் துணி சுற்றிய சுருளை உள்ளேயிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். "பத்தரமா வச்சிருந்தேன் பாய்" என்றாள். பிரித்துப் பார்த்தேன். அத்தனை மழையிலும் ஒரு பொட்டுத் துரு இல்லை. பளபளவென்று இருந்தது. அந்த வீட்டுக்காரர்களின் அக்கறையை மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

ஸ்டாண்டை நான்தான் ஒட்டினேன். கரண்டு சரி. ஒயருக்கு மைனஸ், சாமானுக்குப் பிளஸ், அதுவும் சரி. புகை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக வந்தது. பவுடர் ஒயர் எப்போதும் புகைவதுதான். ஒட்டு வழவழவென்று அழகாக விழுந்தது. சட்டப்படி இரண்டு துண்டும் ஒட்டி வைத்தேன். மேஸ்திரி ஒரு கல்யாணத்துக்காகப் பொன்னேரிக்குப் போயிருந்தார். அவர் வந்து துண்டை அடித்துப் பார்க்கும்வரை ஸ்டாண்டைத் தரமுடியாது என்று ஏகாம்பரத்திடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் ஸ்டாண்டு இல்லை. ஏகாம்பரம் தம்பிகளோடு வந்து தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். மழை விட்டதும் இறால் ஓடும். நாங்கள் வேறொரு படகுக்காரனுக்காக வேண்டுமென்றே இழுத்தடிக்கிறோம் என்று அவருக்குச் சந்தேகம்.

மேஸ்திரி வந்தார். துண்டை வைஸில் வைத்து ஒரு அடி அடித்தார். காய்ந்த முறுக்கு மாதிரி இரண்டாகப் போனது. வெயிலில் காட்டினார். மேலே அழகாகத் தெரிந்த ஒட்டுக்குள் புழு அரித்த மாதிரி நீள நீளமாகப் பொந்துகள்.

"பிளஸ் மைனஸ மாத்தி வச்சியா?" என்று கேட்டார்.

"இல்ல மேஸ்திரி."

"அல்லா மேல சத்தியமா?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் கூட இருந்தவனை அப்படிக் கேட்டாரே என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. சலவைச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானே உட்கார்ந்து இன்னொரு துண்டு ஒட்டி, ஆறவைத்து அடித்தார். அதுவும் அதே மாதிரி போனது. "கையில இல்ல. ஒயர்ல கீது" என்றார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

இருவரும் ஏகாம்பரத்தின் வீட்டுக்கு ஓடினோம். உடைந்த துண்டைக் காட்டினோம். அவர் கையில்கூட வாங்கவில்லை.

"இத்த எந்த ஒயர்ல ஒட்டனீங்களோ, யாருக்குத் தெரியும்? என் சாமான திருப்பி வாங்கறதுக்கு வழி பாக்கறீங்க" என்றார்.

"ஒயர வூட்ல எங்க வச்சிருந்தீங்க? யாருனா எடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"என் வூட்ல யாரு எடுக்கப்போறாங்க? உன் மச்சான் கடை ஒயருதான? அவன போய்க் கேளு. வெள்ளிக்கெழம பூஜ போட்டுட்டு நான் கெளம்பிடுவேன்."

அலமேலு தண்ணீர்ச் சொம்போடு வாசலில் நின்றிருந்தாள். தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

எனக்கும் கமால் மேல்தான் சந்தேகம் போனது. கேஸ் கேட்கிற ஒயரில் கேட்காத ஒயர்ச் சீட்டை ஒட்டி விற்றிருப்பான் என்று நினைத்தேன். தங்கையைக் கட்டிக்கொண்டவன் இப்படிச் செய்வானா என்று ஒரு பக்கம், வியாபாரி எதுவும் செய்வான் என்று ஒரு பக்கம். பஸ்ஸில் போகும்போதே வாய்க்குள் சண்டை போட்டுக்கொண்டு போனேன். கடைக்குள் நுழைந்த உடனே கத்திவிட்டேன்.

கமால் முகம் சிவந்துவிட்டது. அதே பெட்டியில் வந்த இன்னொரு சுருளை எடுத்துக்கொண்டு பக்கத்து ஷெட்டுக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். கேஸ் இல்லாமல் என் கையாலேயே ஒட்டச் சொன்னான். ஆறவைத்து அடித்தேன். இரும்பு மடங்கியது, ஒட்டு அசையவில்லை.

"மடியில கனம் இல்ல மச்சான், எனக்கு வழியில பயமில்ல" என்றான். "ஆனா ஒண்ணு. உங்க தங்கச்சிகிட்ட இத்த நான் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க."

வெட்கத்தோடு திரும்பி வந்தேன். கடையை விட்டுக் கிளம்பும்போது ஒயர் நல்ல ஒயர். பட்டறைக்கு வரும்போது கெட்ட ஒயர். நடுவில் யார் என்ன செய்தார்கள்? ஏகாம்பரத்தோடு கடலில் போட்டியாக இருக்கிறவர்கள் முகமெல்லாம் வரிசையாக வந்து போயின. பட்டறையில் என்னோடு வேலை செய்கிறவர்களைக்கூட ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பட்டறைக்குள் நுழைந்தபோது, மிஷினிலிருந்து கழற்றி வைத்திருந்த அந்தச் சுருளின் மேல் பூனை ஒன்று உட்கார்ந்திருந்தது. விரட்டினேன், போகவில்லை. ஒயரை நக்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரியும் வந்துவிட்டார். இருவரும் நின்று பார்த்தோம். பக்கத்தில் ராடு இருக்கிறது, பழைய இரும்பு இருக்கிறது. எதையும் அது சீண்டவில்லை.

மேஸ்திரி பூனையை நகர்த்திவிட்டு ஒரு சாண் ஒயரை வெட்டினார். உளியை வைத்து நெடுகப் பிளந்தார். உள்ளே இருக்கிற பவுடர் மணல் மாதிரி உதிர வேண்டும். உதிரவில்லை. வடித்த சோற்றுக் கஞ்சி காய்ந்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. விரலில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

"மீன் எண்ணெ" என்றார்.

படகு மரம் உளுக்காமல் இருக்க எங்கள் பக்கம் வருடா வருடம் பூசுகிற எண்ணெய். மயிரிழைப் பொருத்து வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. ஒட்டும்போது நாற்றம் வந்திருக்கத்தான் வேண்டும். வந்தால் மட்டும் யாருக்குத் தெரியும்? எங்கள் ஊரில் சட்டை, பஸ், பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் அந்த நாற்றம்தான். நான் பிறந்ததிலிருந்து மோந்துகொண்டிருப்பது.

"யாரோ வேணும்னே பண்ணிக்கிறாங்க மேஸ்திரி" என்றேன்.

"யாருனு அப்பறம் பாக்கலாம். நீ சுத்திய எடு."

குப்பத்துக் கரையில் படகு தயாராக இருந்தது. மணலில் ஸ்டாண்டை வைத்து நான்கு காலுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டு, குறுக்கே மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் புது எஞ்சின், அதற்கும் மாலை. அலமேலு கற்பூரத் தட்டோடு நின்றிருந்தாள். ஏகாம்பரத்தின் தம்பிகள் ஸ்டாண்டைத் தூக்கிப் படகில் வைக்கத் தயாராக நின்றார்கள். உறவுக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள்.

மேஸ்திரி நேராக ஏகாம்பரத்திடம் போனார். "ஒரே ஒரு அடி ஏகாம்பரம். நின்னுச்சினா நானே தூக்கிப் படகுல வைக்கிறேன்" என்றார்.

"பொட்டு வச்ச சாமான் மேஸ்திரி! கடலுக்கு எறங்கற நேரத்துல சுத்தியால அடிப்பாங்களா? உங்க கோயில் சாமான அடிக்க வுடுவீங்களா?"

"ஒயருக்குள்ள எண்ணெ போயிருக்குயா. மீன் எண்ணெ."

ஏகாம்பரம் என் பக்கம் திரும்பினார். "உன் மச்சான் வேல."

"இல்ல. கடையில ஒயரு காஞ்சி கெடக்குது. என் கண்ணால பாத்துட்டு வந்தேன்."

"அப்ப உங்க பட்டறையில எவனோ. எனக்கு எஞ்சின் வர்றது எவனுக்கோ பொறுக்கல." கூட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பார்வை பட்டவர்கள் எல்லாரும் கொஞ்சம் நகர்ந்து நின்றார்கள். "நல்ல நேரம் போவுது, தூக்குங்கடா" என்றார்.

"எண்ணெ பட்டா இன்னா மேஸ்திரி?" என்று அலமேலு கேட்டாள். "துருதான புடிக்காது?"

அவசரத்திலும் மேஸ்திரி நிதானமாகப் பதில் சொன்னார். "மேல துரு புடிக்காதுமா. ஒட்டும்போது அந்த எண்ணெ வெந்து ஆவியாயி இரும்புக்குள்ள ஓட்ட போட்டுடும். மேலாக்க பாத்தா தெரியாது."

"எல்லா காலுலயுமா?"

"அதே ஒயருதானம்மா."

"அலையில நிக்காதா?"

மேஸ்திரி முகத்துவாரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அலமேலு கற்பூரத் தட்டை மணலில் வைத்தாள். நேராக வந்து என் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டாண்டை நோக்கிப் போனாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எங்களுக்குப் புரிவதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது. மாலை அறுந்து விழுந்தது. "ஏய், பைத்தியமா புடிச்சிக்கீது உனுக்கு?" என்று ஏகாம்பரம் பாய்ந்தார். மேஸ்திரி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அலமேலுவுடையது பொன்னேரிச் சந்தைக்கு மீன்கூடை சுமக்கிற கை. இரண்டாவது அடியில் ஒட்டு விட்டது. மூன்றாவதில் குங்குமம் வைத்த கால் கழன்று மணலில் விழுந்தது.

ஏகாம்பரம் மெல்லப் போய் அந்தக் காலை எடுத்து உடைந்த இடத்தைப் பார்த்தார். ஓட்டைகளில் ஒன்றில் விரல் நகத்தை விட்டுப் பார்த்தார். பிறகு தம்பிகளைப் பார்த்தார்.

"நான்தான் தடவனேன்" என்றாள் அலமேலு. சுத்தியலை இன்னும் கீழே போடவில்லை. "மழ வுடாம ஊத்திச்சி. சொவுரெல்லாம் ஈரம். நீ ஆசையா வாங்கினு வந்தது துரு புடிச்சிடப் போவுதுனு, படகுக்குப் பூசற எண்ணெய ஊத்தி ஊத்தித் தடவி, துணியால தொடச்சி வச்சேன்."

"அப்ப இத்தினி நாளா வாயத் தொறக்காம இன்னாடி பண்ணினு இருந்த?"

"நீ கேட்டியா?" என்றாள். "கடைக்காரன கேட்ட. பாய கேட்ட. மேஸ்திரிய கேட்ட. ஊருல அத்தினி பேரையும் மொறச்ச. ஒயரு இருந்தது நம்ம வூட்ல. என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

ஏகாம்பரம் உடைந்த காலை மணலில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மேஸ்திரியும் நானும்கூட மணலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.